சுவரோடு நின்றுபோன கூரை

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு தகரக் கொட்டகையின் வெளிச்சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தக் கட்டடத்தின் நோய் தானே தெரிந்துவிடும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் தெறித்துப் பட்டையாகக் காய்ந்திருக்கும். அந்தப் பட்டைக்குள் இருக்கும் திருகாணிகளைச் சுற்றித்தான் துரு முதலில் கிளம்பும். ஜன்னலின் மேல்சட்டத்தில் தண்ணீர் இறங்கிய தடம் கோடு கோடாக நிற்கும். உள்ளே சுவரோரம் அடுக்கிய மூட்டைகளில் கீழ்வரிசை நமத்துப் போயிருக்கும். கூரையில் ஓட்டை தேடி ஆளை மேலே ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஓட்டை இருக்காது. கூரை சுவரோடு நின்றுபோனதுதான் காரணம். சுவரைத் தாண்டி அது இரண்டடி வெளியே நீண்டிருக்க வேண்டும். அந்த நீட்டத்துக்கு இறவாணம் என்று பெயர். ஊர்ப்புறத்தில் எரவாணம் என்போம். கீற்று வேய்ந்தவர்களும் ஓடு வேய்ந்தவர்களும் அது இல்லாமல் வீடு கட்டியதே இல்லை. அரிவாளைச் செருகி வைத்த இடம் அது. இரும்புச் சட்டமும் தகடும் வந்தபோது, சதுரடிக் கணக்கில் விலை பேசும் வழக்கமும் சேர்ந்து வந்தது. தரைப்பரப்பில் சேராத அந்த இரண்டடி, விலையைக் குறைக்கும் பேச்சில் முதலில் கழிந்துபோயிற்று. கட்டி முடித்த கொட்டகைக்கும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியும், கொடுக்கவும் வேண்டும். ஆனால் தகட்டை நீட்டினால் எரவாணம் ஆகிவிடாது. நீள வேண்டியது தகட்டைத் தாங்கும் எலும்புக்கூடு.

மழையிலிருந்தே தொடங்கலாம். கூரைத் தகட்டின் நுனியிலிருந்து வழியும் தண்ணீர் நேராகக் கீழே சொட்டுவதில்லை. மெதுவாக வழியும்போது நுனியைப் பற்றிக்கொண்டு அடிப்பக்கமாகத் திரும்பி, சுவர்த்தகட்டில் ஏறி இறங்கும். ஓங்கி விழும்போது சுவரடியில் குழி பறித்து, மண்ணோடு சேர்ந்து சுவரிலேயே தெறிக்கும். நுனி இரண்டடி தள்ளிப் போனால் இந்த இரண்டும் ஒருசேர விலகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரத்தில் புதுக் கட்டடங்களின் சுவர்கள் நீர் புகுந்து உளுத்தபோது, 1996இல் ஓர் ஆய்வு நடந்தது. எரவாணம் அகலமாக ஆக, சுவருக்குள் நீர் புகுந்த கேடு குறைந்துகொண்டே வந்தது அதில் தெரிந்தது. அவை மரச்சட்டச் சுவர்கள், நம்முடையவை இரும்பு. ஆனாலும் சாரல் விழும் விதம் ஒன்றுதான். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இறக்கமான கூரையையும் அகலமான எரவாணத்தையும் வற்புறுத்தியதற்கு இந்த மழையும் ஒரு காரணம். நம் கண்ணெதிரே ஒரு சான்று நிற்கிறது. நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் கூரையை மூன்றடி, நான்கடி வெளியே இழுத்துத்தான் கட்டுகிறார்கள். சாரல் உள்ளே விழுந்து, தரையில் பரப்பிய தேங்காய் நார்க்கழிவு நனைந்தால் கோழிக்கு நோய் வரும் என்பது பண்ணைக்காரருக்குத் தெரியும். கோழிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, தறி ஓட்டுகிறவருக்கும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவருக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

வெயில் கணக்கு மழையைப்போல ஒரேயடியாகச் சாதகமாக இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. மார்ச் 21 வாக்கில் நடுப்பகல் வெயிலுக்கு, இரண்டடி எரவாணம் தெற்குச் சுவரில் ஏறத்தாழ எட்டரை அடிக்கு நிழல் தரும். டிசம்பரில் அது இரண்டே முக்கால் அடியாகச் சுருங்கும். ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால், வடக்குச் சுவருக்கும் அதே அளவு எரவாணம் வேண்டும். மேற்குச் சுவர் வேறு கதை. மாலை நான்கு மணிக்கு வெயில் சாய்ந்து வரும்போது இரண்டடி நீட்டம் ஓரடிக்குச் சற்று மேல்தான் மறைக்கும். மேற்கு வெயிலுக்கு மரமோ பந்தலோதான் வழி. அதற்காக எரவாணத்தை ஆறடிக்கு இழுப்பது வீண். காற்றுக்கு அது பெரிய பிடி.

தண்ணீரை ஒதுக்குவதுதான் நோக்கமென்றால் கூரை நுனியில் தகரக் கட்டர் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கூரையில் விழுந்த தண்ணீரைத்தான் கட்டர் வாங்கும். காற்றோடு சாய்ந்து சுவரில் அடிக்கிற சாரலை அது என்ன செய்யும்? அதோடு, சுவரை ஒட்டிய கட்டரில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் பொங்கி உள்ளே இறங்கும். எரவாண நுனியில் இருக்கும் கட்டர் அடைத்தாலும் வெளியேதான் கொட்டும். கட்டர் நல்லதுதான், இடம் மாறினால்.

காற்றைப் பற்றிய ஆட்சேபம்தான் உண்மையில் கனமானது. சுவரில் மோதும் காற்று மேலே ஏறி எரவாணத்தின் அடியில் முட்டும். அதே நேரம் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றன. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர நூல் ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம், சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர் அடிப்படை வேகம் கொள்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் விழும். கீழ்நோக்கிச் சாய்ந்த எரவாணத்தின் அடிப்பக்கத்துக்கு அந்த அழுத்தத்தை ஒன்றேகால் மடங்காக வைக்கச் சொல்கிறது அந்த நூல். தூணுக்குத் தூண் 20 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டடி எரவாணத்தின் அந்த ஒரு பகுதியைக் கீழிருந்து தள்ளுவது மட்டும் சுமார் 700 கிலோ. மேலிருந்து இழுப்பதையும் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும். அந்தத் தகட்டின் எடையோ 20 கிலோகூடத் தேறாது. கோயம்புத்தூரில் அடிப்படை வேகம் 39 மீட்டர் என்பதால் இதில் பத்தில் ஆறு பங்குதான் வரும். ஆனாலும் அது சில நூறு கிலோ. 2016இல் வர்தா புயலும் 2018இல் கஜா புயலும் எத்தனை தகரங்களைக் கழற்றிக்கொண்டு போயின என்பதைச் சென்னைக்காரர்களும் வேதாரண்யத்துக்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் தவறாகக் கட்டிய எரவாணத்தின் மேல் வர வேண்டியது.

தவறு எப்படி நடக்கிறதென்றால், பழைய தகட்டின் நுனியில் புதுத் தகட்டை ஒட்டுப்போட்டு நாலு திருகாணி அடித்துவிடுகிறார்கள். தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் கடைசியானதைத் தாண்டி அரையடி, முக்காலடிக்கு மேல் தகடு தானாக நிற்காது. காற்று அதை நெம்புகோலாக்கி, உள்ளே இருக்கும் நல்ல தகட்டையும் சேர்த்துப் பெயர்க்கும். சரியான வேலை தூணிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு தூண் தலையிலும், அல்லது கூரையைத் தாங்கும் சட்டகமான ட்ரஸ்ஸின் முனையிலும், இரும்புக் கை ஒன்றைப் போல்ட் போட்டு வெளியே நீட்ட வேண்டும். அந்தக் கைகளின் நுனியில் ஒரு புதுப் பர்லின் ஓட வேண்டும். தகடு அதன்மேல் உட்கார வேண்டும். பழைய தகட்டின் கடைசி வரிசைத் திருகாணிகளைக் கழற்றி, புதுத் தகட்டின் மேல்முனையை அதன் அடியில் அரையடியாவது செருகி, நடுவே பசை நாடா வைத்து மறுபடி இறுக்க வேண்டும். மேலே போட்டால் வழிந்து வரும் தண்ணீர் நேராக ஒட்டுக்குள் புகும். அலை பொருந்தாத பழைய தகடாக இருந்தால் கட்டாயப்படுத்திச் சேர்க்க வேண்டாம். கூரைக்குக் கீழே, தூண்களில் தனியாக ஒரு தாழ்வான சாய்ப்பு கட்டுவதே மேல். புயல் அடிக்கும் கடலோரத்துக்கு எப்போதுமே எனக்கு இதுதான் பிடிக்கும்: பிய்ந்தாலும் சாய்ப்புதான் பிய்யும், கூரை நிற்கும்.

முக்கோணச் சுவர்ப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும், கூரை மூலைகளில்தான் காற்றின் இழுப்பு மிக அதிகம். அங்கே புதுப் பர்லின் துண்டு வெளியே இரண்டடி என்றால் உள்ளே நான்கடியாவது பழைய பர்லினோடு சேர்ந்து ஓட வேண்டும். எல்லைச் சுவரை ஒட்டிய பக்கத்தில் நீட்டவே கூடாது; நம் கூரைத் தண்ணீர் பக்கத்து மனையில் விழக் கூடாது, அங்கே கட்டர்தான் கதி. செலவு கூடுமே என்றால், கூடும்தான். பழைய தூண்களும் அவற்றின் அடிப் போல்ட்டுகளும் இந்தக் கூடுதல் இழுப்பைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்கிற கூலியும் அதில் சேர்த்திதான். அதை மட்டும் மிச்சப்படுத்தக் கூடாது. வேலையை ஆடிக் காற்றுக்கு முன்பே, பங்குனி, சித்திரையில் முடித்துக்கொள்வது நல்லது. தகட்டைக் கத்தரியால் வெட்டச் சொல்ல வேண்டும். கிரைண்டரின் சூடு வெட்டிய ஓரத்தில் அலுமினிய, துத்தநாகப் பூச்சைத் தீய்த்துவிடும், தெறிக்கும் பொறி தகட்டில் ஒட்டித் துருப் புள்ளியாகும். துளை போடும்போது சுருண்டு விழும் இரும்புத் தூளை அன்று சாயங்காலமே துடைப்பத்தால் கூட்டி இறக்கிவிட வேண்டும். ஓர் இரவுப் பனி போதும், புதுத் தகட்டில் அது செந்நிறமாகப் பிடித்துக்கொள்ள.