கேம் படிப்பா, கணக்குப் படிப்பா?

வீடியோ கேம் புரோகிராமராகத் துடிக்கும் மாணவர்களுக்கு வலைவீசப் புதுப்புதுப் படிப்புகள் வந்துவிட்டன. ஆனால் இத்துறையின் சாவி இன்னமும் பழைய பாடங்களிடம்தான் இருக்கிறது.

'கேமிங்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. ஆட்டத்தின் விதிகளையும் கட்டங்களையும் வகுப்பவர் டிசைனர். பாத்திரங்களையும் காட்சிகளையும் உருவாக்குபவர் ஆர்ட்டிஸ்ட். இவற்றையெல்லாம் இயங்க வைப்பவர் புரோகிராமர். மூவருக்கும் தேவையான படிப்பு வெவ்வேறு. ஆனால் பிளஸ் 2 முடிவுகள் வெளியானதும் படையெடுக்கும் விளம்பரங்களில் 'அனிமேஷன் அண்ட் கேமிங்' என்று எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. புரோகிராமர் கனவோடு சேரும் மாணவர், உருவங்களைச் செதுக்கும் மென்பொருளை மட்டும் கற்று வெளியே வரும் ஆபத்து இருக்கிறது. தனியார் நிறுவனங்களில் இதற்கான கட்டணம் லட்சங்களைத் தொடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1997இல் பெங்களூரில் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்திய கேம் துறையின் முன்னோடி. அது பெயர் வாங்கியது வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்டங்களுக்குக் கார்கள், கட்டடங்கள் போன்ற உருவங்களைச் செய்துகொடுத்துத்தான். அந்த வழியில் பல நிறுவனங்கள் முளைத்தன. அவற்றுக்குத் தேவைப்பட்டவர்கள் ஆர்ட்டிஸ்ட்டுகள். பயிற்சி நிலையங்களும் அவர்களையே தயார் செய்தன. பிறகு நிலைமை மாறியது. துருவாவை 2019இல் ராக்ஸ்டார் வாங்கியது. யூபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஹைதராபாத்திலும் ஸ்டூடியோக்களை நடத்துகின்றன. புனேயின் நாடிங் ஹெட்ஸ் என்ற சிறு குழு 2020இல் வெளியிட்ட 'ராஜி', இந்தியப் புராணக் கதையை உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றது. இத்தகைய இடங்களில் புரோகிராமர்களுக்கும் வேலை உண்டு.

அந்த வேலை என்ன? திரையில் நொடிக்கு 60 படங்கள் ஓடினால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று அறிந்து, எதிரி எங்கே நகர வேண்டும் என்று தீர்மானித்து, பந்து சுவரில் மோதியதா என்று கணக்கிட்டு, காட்சியை வரைந்து முடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ஆட்டம் திக்கும்.

மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த வெக்டரும் மேட்ரிக்ஸும் இங்கே அன்றாடச் சோறு. பாத்திரம் தலையைத் திருப்புவதற்குக்கூட, அயர்லாந்துக் கணித மேதை ஹாமில்டன் 1843இல் கண்டறிந்த 'குவாட்டர்னியன்' என்ற எண்முறை பயன்படுகிறது. இதோடு டேட்டா ஸ்ட்ரக்சர், ஆல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் ஆகியவையும் தேவை.

ஆகவே முதல் தேர்வு, கம்ப்யூட்டர் சயின்ஸில் நான்கு ஆண்டு பி.இ. அல்லது பி.டெக். அது கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ படித்து, பிறகு இரண்டு ஆண்டு எம்.சி.ஏ. சேரலாம். பி.சி.ஏ.வும் நல்ல வழியே. ஆனால் அதில் கணிதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சேர வேண்டும். பெங்களூரில் உள்ள தேசிய டிசைன் நிறுவனத்தின் டிஜிட்டல் கேம் டிசைன் முதுகலைப் படிப்பு மதிப்புள்ளது. ஆனால் பெயரே சொல்வதுபோல அது டிசைனர்களுக்கானது.

கேம் என்ற பெயர் தாங்கிய படிப்புகள் எல்லாமே வீண் என்பதல்ல. ஸ்காட்லாந்தின் அபர்டே பல்கலைக்கழகம் 1997லேயே இத்துறைக்குப் பட்டப் படிப்பு தொடங்கியது. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த 'நார்பாகுலர் டிராப்' என்ற சிறு ஆட்டத்தைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்தது. 2007இல் வெளியாகிப் புகழ்பெற்ற 'போர்ட்டல்' அப்படிப் பிறந்ததுதான். ஆனால் டிஜிபென்னின் புரோகிராமிங் பட்டப் படிப்பில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் நிறைந்திருக்கும். இங்கேயும் அதுவே உரைகல். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, சி++, ஆல்காரிதம், லீனியர் அல்ஜீப்ரா ஆகியவை எத்தனை பருவங்களில் வருகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கேம் என்ஜினை இயக்கக் கற்றுத் தருவது மட்டும் போதாது. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம் தன் என்ஜினுக்குப் புதிய கட்டணம் அறிவித்ததும் பல தயாரிப்பாளர்கள் வேறு என்ஜினுக்குத் தாவப்போவதாகக் கொதித்தார்கள். (அடுத்த ஆண்டு கட்டணம் கைவிடப்பட்டது.) அடிப்படை தெரிந்தவருக்கு அப்படித் தாவுவது சில மாத உழைப்பு. மற்றவருக்கு அது மறுபடியும் முதல் வகுப்பு.

பெற்றோர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: பட்டம் தருவது யார்? 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. மற்றவை தருவது சான்றிதழ்தான். எம்.சி.ஏ.வில் சேரவோ, பட்டம் கேட்கும் அரசுத் தேர்வு எழுதவோ, வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கவோ போகும்போது அந்த வித்தியாசம் சுடும்.

அப்படி வேறு கதவைத் தட்ட வேண்டிய நாள் வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. இந்தியாவில் அதிர்ச்சி வேறு வடிவில் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மசோதா 2025 ஆகஸ்ட் 20இல் மக்களவையில் தாக்கலானது. 22ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. மூன்றே நாளில் ஒரு பெருந்தொழிலின் அஸ்திவாரம் ஆடியது. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஆடினாலும் தாங்கும் சர்வர்களை வடிவமைக்கத் தெரிந்தவருக்கு வங்கியிலும் டெலிகாம் நிறுவனத்திலும் வேலை தேட வழியுண்டு. கேம் மென்பொருள் ஒன்றை மட்டும் அறிந்தவருக்குப் பாதைகள் குறைவு. பொதுவான கம்ப்யூட்டர் பட்டம் குறுகலான பட்டத்தைவிடப் பாதுகாப்பானது என்பது இதனால்தான்.

'டூம்' ஆட்டத்தின் மூளையான ஜான் கார்மக் கல்லூரியைப் பாதியில் விட்டவர் ஆயிற்றே என்று மகன் வாதாடலாம். உண்மைதான். ஆனால் அவர் கணக்கைக் கைவிடவில்லை. காட்சியை வேகமாக வரைவதற்கான வழியை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் தேடிப் படித்து, 1993இல் வெளிவந்த 'டூமி'ல் பயன்படுத்தினார்.

பட்டம் மட்டுமே வேலையை வாங்கித் தந்துவிடாது. நேர்முகத் தேர்வில் எழும் முக்கியமான கேள்வி, "நீங்கள் செய்து முடித்த ஆட்டம் எது?" என்பது. பாதியில் நிற்கும் பிரம்மாண்டத்தைவிட முழுமை பெற்ற சின்ன ஆட்டத்துக்கு மதிப்பு அதிகம். இதற்குச் செலவும் பெரிதாக இல்லை. கோடோ என்ஜின் முற்றிலும் இலவசம். அன்ரியலைக் கற்கவும் கட்டணம் கிடையாது. டெட்ரிஸ் போன்ற ஓர் ஆட்டத்தை எழுதச் சாதாரண கம்ப்யூட்டரே போதும். அதை முதல் ஆண்டு விடுமுறையில் தொடங்கிவிடலாம். கடைசி ஆண்டுவரை காத்திருப்பவருக்கு, காட்டுவதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டுமே மிஞ்சும்.