அடைமழையில் கிரைண்டர்: அசட்டை வேண்டாம்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பைவாசிகள் குடையைத் தேடுவார்கள். தாராவித் தமிழர்கள் தார்ப்பாயையும் சேர்த்துத் தேடுவார்கள். குடை ஆளுக்கு, தார்ப்பாய் வாசலில் நிற்கும் கிரைண்டருக்கு!

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றுதான் வீடு. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்ளேயே. கோயம்புத்தூரிலிருந்து வந்த கிரைண்டருக்கு அங்கே ஏது இடம்? வாசல் ஓரத்திலோ, சால் கட்டிடத்தின் பொது நடையிலோ, ஒரு தகரக் கூரையின் கீழ் அது குடியேறிவிடுகிறது. இட்லி அவித்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது வெறும் வீட்டுச் சாமான் அல்ல. சோறு போடும் முதல். விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் சைக்கிளில் ஏற வேண்டுமானால் முதல் நாளே மாவு அரைபட்டாக வேண்டும். மழை பெய்கிறது என்பதற்காக வாடிக்கைக்காரரின் பசி ஓய்ந்துவிடுமா?

வேலை நிற்காது, மழையும் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் இருக்கிறது. ஆபத்து அங்கேதான்.

ஈரம் செய்யும் வினை

சாரல் மோட்டாருக்குள் இறங்கினால், மின்சாரம் தன் பாதையை விட்டு வெளி உடம்புக்குக் கசியத் தொடங்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கிரைண்டர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர் மாவை வழிக்கக் கை வைத்ததும், அவர் உடல் வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கிவிடுகிறது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். காய்ந்த தோல் அதை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் தடுக்காது. ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லி ஆம்பியர் அளவு பாய்ந்தாலே தசைகள் இறுகிப்போய், பிடித்த கையை விட முடியாமல் போகலாம். அதைப்போல் சில மடங்கு பாய்ந்தால் இதயத்தின் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

'பியூஸ் இருக்கிறதே, போய்விடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. போகாது! 5 ஆம்பியர் பியூஸ் அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் உருகும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். பியூஸ் ஒயரைக் காப்பது. ஆளைக் காப்பது அல்ல.

ஆளைக் காப்பது எது?

முதலாவது, எர்த். மூன்று முள் பிளக்கில் பருத்து நீண்டிருக்கும் முள் எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. கசியும் மின்சாரத்தைப் பூமிக்கு அனுப்பும் வழி அதுதான். பழைய கட்டிடங்களில் சுவரில் மூன்று துளை இருக்கும். பின்னால் எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுவது நல்லது. பிளக் நுழையவில்லை என்று பெரிய முள்ளை வெட்டிவிடுவது, தன் கையால் தனக்கே குழி வெட்டுவதற்குச் சமம்.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று இது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் 'டி' என்ற பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் விழாவிட்டால், அது இருந்தும் பயனில்லை.

வைக்கும் முறை

கிரைண்டரைத் தரையில் வைக்காமல், தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேல் உறுதியான மேடையில் வைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது. சுவரில் உயரமாக மாட்ட வேண்டும். பிளக்குக்கு வரும் ஒயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறினால், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. டேப் சுற்றிய ஒட்டு ஒயரும், தகரத்தில் உராயும் ஒயரும் மழைக்காலத்துக்கு ஆகவே ஆகாது. கூரைத் தகரம் முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும்.

ஓடும்போது தார்ப்பாயால் போர்த்தக் கூடாது. மோட்டார் சூடேறிக் கெடும். அரைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிய பிறகே மாவை வழிப்பதும் கழுவுவதும். கழுவும் நீர் பாத்திரத்துக்குள் மட்டும். மோட்டார் பக்கம் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மோட்டார் ஆறிய பின்னர் மூடவேண்டும். அடிப்பக்கம் காற்று போக இடம் விடாவிட்டால், மூடிக்குள்ளேயே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பை மறந்திருக்காது. அப்படி வெள்ளம் ஏறும் நாளில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். ஸ்விட்சே தண்ணீரில் நின்றால் அதைத் தொடாமல், மின்சார பில்லில் உள்ள எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நனைந்த மோட்டாரை, மேலே காய்ந்துவிட்டதென்று நம்பி ஓட்டக் கூடாது. உள்ளே உலர்த்தி, கசிவு இல்லை என்று எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொன்ன பிறகே ஓட்ட வேண்டும்.

எவரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் பதறி அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட வேண்டும். உடனே 108.

ஒரு நாள் அரைக்காவிட்டால் ஒரு நாள் வரும்படி போகும், உண்மைதான். வானம் இருட்டும் முன்பே அரைத்துவிடலாம். உள்ளே கிரைண்டர் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு அரைத்துக்கொள்ளலாம். எதுவும் முடியாவிட்டால் அன்றைக்கு வீட்டில் உப்புமா கிளறிக்கொள்ளலாம். போன வரும்படியை மறுநாள் பிடித்துவிடலாம். போன உயிரைப் பிடிக்க முடியுமா?