பனி மலையில் ஒரு கோணமானி!

துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை உங்களுக்குத் தெரியும்தானே? அவரைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில், ஒருமுறை கால்சட்டை தேயத் தேயப் பனிமலையில் சறுக்கி வந்தார். அந்தக் கதையைக் கேளுங்கள்.

டாயிலின் மனைவிக்குக் காசநோய். மலைக்காற்று நல்லது என்பதால் சுவிட்சர்லாந்தில் உள்ள டாவோஸ் என்ற ஊரில் தங்கியிருந்தார்கள். 1894 மார்ச் மாதம் ஒருநாள், விடிவதற்கு முன்பே, உள்ளூர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்கள் இருவரோடு டாயில் கிளம்பினார். கால்களில் நீளமான சறுக்குக் கட்டைகள். 2,400 மீட்டருக்கும் உயரமான கணவாயைத் தாண்டி, மறுபக்கம் உள்ள அரோசா என்ற ஊருக்கு இறங்க வேண்டும். வழியில் ஒரு செங்குத்தான சரிவு. அங்கே டாயிலின் கட்டைகள் அவரை விட்டுவிட்டுத் தனியே ஓடிவிட்டன! மனிதர் என்ன செய்வார்? உட்கார்ந்தபடியே சறுக்கினார். கால்சட்டை தேய்ந்தது. இதையெல்லாம் அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

இன்று ஆல்ப்ஸ் மலையில் பல இடங்களில் ரோப் கார் இருக்கிறது. உட்கார்ந்தால் போதும், உச்சியில் இறக்கிவிடும். ஆனாலும் டாயிலைப் போலவே சொந்தக் காலில் ஏறி, பிறகு சறுக்கி இறங்குபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மூன்று, நான்கு மணி நேரம் மூச்சு வாங்க ஏறுவார்கள். இறங்குவதோ சிறிது நேரம்தான்! ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "அங்கே கூட்டம் இல்லை, சத்தம் இல்லை. யார் காலும் படாத பனியில் முதல் கோடு போடும் சுகமே தனி" என்பார்கள்.

சரி, வழுக்கும் கட்டையோடு மேலே ஏறுவது எப்படி? பூனையின் முதுகைத் தடவிப் பாருங்கள். வாலை நோக்கித் தடவினால் வழுவழு. எதிர்த்துத் தடவினால் முடி சிலிர்க்கும். அதே தந்திரம்தான்! கட்டையின் அடியில் முடியுள்ள பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் நகரும், பின்னால் வழுக்காது. முன்பு சீல் என்ற கடல் விலங்கின் தோலால் செய்தார்கள். இப்போது அங்கோரா ஆட்டின் ரோமத்திலும் நைலானிலும் செய்கிறார்கள்.

இப்போது ஒரு சோதனை. ஒரு தட்டில் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் நோட்டுப் புத்தகம் ஒன்றை வையுங்கள். தட்டை மெல்லச் சாயுங்கள். ஒரு கட்டத்தில் நோட்டு 'சர்'ரென்று சரிகிறதா? பனிச்சரிவும் இப்படித்தான். பனிக்காலத் தொடக்கத்தில் விழுந்த மெல்லிய பனி, கடுங்குளிரில் சர்க்கரை போலப் பொலபொலத்துவிடும். அதன்மேல் புதுப்பனி பலகைபோலப் படியும். ஒருவர் கால் வைத்தாலே போதும், பலகை முழுவதும் உடைந்து பாயும். இப்படிச் சிக்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர், அந்தச் சரிவைத் தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிவிட்டவர்கள்தான்!

"சார், கோணமானியால் என்ன பயன்?" என்று என் வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. இதோ பதில். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் இந்த ஆபத்து அதிகம். அதனால் மலையேறுபவர்கள் சரிவின் கோணத்தை அளந்து பார்த்துத்தான் வழியைத் தேர்வு செய்கிறார்கள்.

அவர்களின் மற்றப் பழக்கங்களையும் பாருங்கள். முதல்நாள் மாலையே பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிப்பார்கள். அதில் 1 முதல் 5 வரை எண்கள் உண்டு. எந்த எண்ணில் உயிரிழப்பு அதிகம்? 5 என்றுதானே சொல்வீர்கள்? இல்லை, 3! நான்கிலும் ஐந்திலும் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்றில், 'பார்த்துக்கொள்ளலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

விடியும் முன் புறப்பட்டு, வெயிலில் பனி இளகும் முன் திரும்பிவிடுவார்கள். தனியே போகமாட்டார்கள். ஆளுக்கொரு சமிக்ஞைக் கருவி, நீளக் குச்சி, மண்வாரி கட்டாயம். பனியில் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். நேரம் போகப் போக வாய்ப்பு வேகமாகக் குறையும். கூட வந்த நண்பன்தான் அங்கே ஆம்புலன்ஸ்!

இப்போது ஒரு வருத்தமான செய்தி. அந்தப் பனியே மாறிக்கொண்டிருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் 2,000 மீட்டருக்குக் கீழே, பனி கிடக்கும் காலம் ஐம்பது ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்துவிட்டது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகளில் பத்தில் ஒரு பங்கு உருகிப்போனது. அங்குள்ள அலெட்ச் பனியாற்றின் ஓரத்தில் 1877ல் ஒரு தங்கும் குடில் கட்டினார்கள். பனியாறு உருகி உருகிக் கீழே போய்விட்டதால், இன்று அந்தக் குடிலுக்கு 400க்கும் அதிகமான படிகள் ஏற வேண்டும்!

"நல்ல வருடமும் மோசமான வருடமும் எப்போதும் உண்டு" என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் டாவோஸ் ஊருக்கு மேலே, 1936ல் இருந்தே பனியை அளந்து குறித்து வருகிறார்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. நீண்ட காலக் குறிப்பைப் பார்த்தால்தான் மாற்றம் புரியும். முன்பு வீட்டு வாசலிலேயே சறுக்கத் தொடங்கிய பெரியவர்கள், இப்போது பனி கிடக்கும் உயரம் வரை கட்டையைத் தோளில் சுமக்கிறார்கள். நம் வண்டிப் புகையும் இதற்கு ஒரு காரணமாயிற்றே என்று, காரை விட்டு ரயிலில் மலைக்கு வருபவர்களும் உண்டு.

பனி குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். மெல்லிய பனிதான் சர்க்கரை போல ஆகும் என்று பார்த்தோம் அல்லவா? போன வருடம் பத்திரமாக இருந்த சரிவு இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உச்சி கண்ணுக்குத் தெரியும். இன்னும் அரைமணி நேரம்தான். ஆனால் காலடியில் பனி 'வூம்' என்று அமுங்குகிறது. அது சர்க்கரைப் பனி உடையும் சத்தம். அனுபவசாலி அங்கேயே நின்று, "இன்று போதும், திரும்புவோம்" என்பார். அவரை யாரும் கோழை என்று சிரிப்பதில்லை. மலை எங்கேயும் போய்விடாது. நாம் பத்திரமாக இருந்தால், நாளைக்கும் ஏறலாம்!