தலையணை மேல் ஒரு டாலர்: சம்பளம் தர வேண்டியது யார், தெரியுமா?

லாட்ஜைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு கிளம்புகிறீர்கள். வாசலில் ரூம் பாய் தலையைச் சொறிந்தபடி நிற்கிறார். "கிளம்பிட்டீங்களா சார்?" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை சட்டைப் பைக்குப் போகிறது. ஐம்பதோ நூறோ கை மாறுகிறது. "டீ சாப்பிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறுகிறோம்.

ஆனால் நீங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அறைக்குள் வந்து, ஈரத் துண்டுகளை அள்ளி, குளியலறைத் தரையில் மண்டியிட்டு, தண்ணீர் போகும் துளையில் சிக்கிய உங்கள் தலைமுடியை விரலால் எடுத்துப் போட்டவர் அந்தத் தம்பி இல்லை. அவர் ஒரு அம்மா. நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்கு டீ யார் வாங்கித் தருவது? அதைவிட முக்கியம், சோறு யார் போடுவது?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் குடை பிடித்த ஒரு லண்டன்காரர், ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் மகன், நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த ஒரு துப்புரவுப் பணிப்பெண் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. வாருங்கள், பார்த்துவிடலாம்!

"டீ சாப்பிடுங்க" என்பது உலகப் பொதுமொழி, தெரியுமா?

பிரெஞ்சுக்காரர் டிப்ஸை 'பூர்புவார்' என்பார். அர்த்தம்: 'குடிப்பதற்கு'. ஜெர்மானியர் 'டிரிங்கெல்ட்' என்பார்: 'குடிகாசு'! ரஷ்யர் 'சாயவியே' என்பார். அதில் ஒளிந்திருப்பது நம்ம சாயாவேதான்! பாரசீகத்திலிருந்து கிளம்பிய 'பக்‌ஷீஷ்' நம் ஊர் ரயில் நிலையம் வரை வந்து சேர்ந்தது. இத்தனை மொழியிலும் ஒன்றைக் கவனியுங்கள். எதுவுமே 'வாடகை கட்ட', 'பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட' என்று சொல்லவில்லை. டிப்ஸ் என்றால் ஒரு மிடறு டீ, அவ்வளவுதான். அது சம்பளமாக மாறிய கதைதான் இனி வருவது.

ஆண்கள் குடை பிடிப்பதைத் துணிந்து தொடங்கியவர், டிப்ஸையும் எதிர்த்தார், தெரியுமா?

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்து. பெரிய மனிதர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் சாப்பாடு இலவசம். ஆனால் வெளியே வருவது இலவசம் இல்லை! கூடத்தில் வேலைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். தொப்பியை எடுத்துத் தந்தவருக்கு ஒரு காசு, கோட்டை மாட்டிவிட்டவருக்கு ஒரு காசு, குதிரையைப் பிடித்தவருக்கு ஒரு காசு. இதற்கு 'வேல்ஸ்' என்று பெயர். கொடுக்காதவருக்கு அடுத்த விருந்தில் நடக்கும் உபசாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

1760-ல் ஜோனாஸ் ஹான்வே என்பவர் இதைக் கண்டித்து எட்டுக் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டார். லண்டன் தெருவில் கேலிக்கு அஞ்சாமல் முதலில் குடை பிடித்து நடந்த ஆண் என்று பெயரெடுத்தாரே, அதே ஹான்வே! விருந்துக்கு அழைத்தவர் தன் வேலைக்காரருக்குத் தர வேண்டிய கூலியை விருந்தாளியின் பையிலிருந்து எடுக்கிறார் என்பதுதான் சிக்கல். 260 வருடமாகியும் ஒரு எழுத்துகூட மாறவில்லை பாருங்கள்!

அடிமைகளை விடுவித்தவரின் மகன் எந்தக் கம்பெனியை நடத்தினார், தெரியுமா?

மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தது. ஜார்ஜ் புல்மேன் என்ற தொழிலதிபர் ரயிலில் ஓடும் ஓட்டல் போலப் படுக்கைப் பெட்டிகளை விட்டார். படுக்கை விரிக்க, ஷூவுக்குப் பாலிஷ் போட, பெட்டி தூக்க அவர் தேடிப் பிடித்தது விடுதலையான கறுப்பின மக்களை. பயணிகள் அவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? எல்லோரையும் 'ஜார்ஜ்'! முதலாளியின் பெயராலேயே அடிமையை அழைக்கும் பழைய வழக்கம் அப்படியே ரயிலேறிவிட்டது.

சம்பளம்? 1915-ல் அரசு ஆணையம் விசாரித்தபோது மாதம் 27.50 டாலர். மீதியைப் பயணிகளின் டிப்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலிஷ் டப்பாகூடத் தன் காசில்தான்! அந்த ஆணையத்தின் முன் கம்பெனி சார்பில் சாட்சி சொல்ல வந்த தலைவர் யார் தெரியுமா? ராபர்ட் டாட் லிங்கன். ஆமாம், ஆபிரகாம் லிங்கனின் சொந்த மகன்! அப்பா விலங்கை உடைத்தார். மகனின் கம்பெனி உள்ளங்கையை நீட்டச் சொன்னது.

1925-ல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்த ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். 12 வருடம் போராடி 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். மாதம் 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணி நேரமானது!

டிப்ஸையே சட்டவிரோதமாக்கினார்கள், தெரியுமா?

நம்ப மாட்டீர்கள். எதற்கெடுத்தாலும் டிப்ஸ் கேட்கும் அதே அமெரிக்காவில்தான்! 1909-ல் வாஷிங்டன் மாநிலம் தடைச் சட்டம் போட்டது. பின்னாலேயே அயோவா, டென்னசி, ஜார்ஜியா என்று சில மாநிலங்கள் வரிசை கட்டின. 1916-ல் வில்லியம் ஸ்காட் என்பவர் 'அரிக்கும் உள்ளங்கை' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகமே போட்டார். அங்கே உள்ளங்கை அரித்தது, இங்கே தலை அரிக்கிறது! ஆனால் 1926-க்குள் அத்தனை சட்டமும் போய்ச் சேர்ந்தன.

தினம் 1 டாலர் டிப்ஸ் உங்கள் சம்பளத்தையே குறைக்கலாம், தெரியுமா?

இதுதான் தலை சுற்றும் இடம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு ஒரு சென்ட் ஏறவில்லை. ஆனால் 'டிப்ஸ் வாங்கும் ஊழியர்' என்று சட்டம் ஒரு தனி இனம் வைத்திருக்கிறது. அவருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டியது மணிக்கு 2.13 டாலர்தான்! அது 1991-லிருந்து அசையவில்லை. மீதி 5.12 டாலர் டிப்ஸில் வந்துவிட்டதாகக் கணக்கு. வராவிட்டால்தான் முதலாளி ஈடு செய்ய வேண்டும்.

சரி, யார் அந்த 'டிப்ஸ் வாங்கும் ஊழியர்'? வழக்கமாக மாதம் 30 டாலருக்கு மேல் டிப்ஸ் பெறுபவர். மாதம் 30! நாளுக்கு ஒரு டாலரைத் தாண்டினால் போதும், அந்தக் கதவு திறந்துவிடும். ஓட்டல்கள் பொதுவாக அறை துடைப்பவர்களை அந்தக் கதவு வழியாகத் தள்ளுவதில்லை. ஆனாலும் கதவு இருக்கிறது. நீங்கள் அன்போடு வைத்த டாலர் ஊழியரின் பைக்குப் போகிறதா, முதலாளியின் செலவைக் குறைக்கிறதா என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. கலிபோர்னியா, நெவாடா உள்ளிட்ட 7 மாநிலங்களில் மட்டும் இந்தக் கழிவு வேலை கிடையாது. முழுக் கூலி கொடு, டிப்ஸ் தனி!

உங்கள் மெத்தையின் சுகம் இன்னொருவர் முதுகில் ஏறியது, தெரியுமா?

1999-ல் வெஸ்டின் ஓட்டல்கள் 'சொர்க்கப் படுக்கை' என்று ஒன்றை அறிமுகப்படுத்தின. தடித்த மெத்தை, அடுக்கடுக்கான விரிப்பு, குவியலாகத் தலையணை, எல்லாம் தூய வெள்ளை! போட்டி ஓட்டல்கள் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஆள் மெத்தையைத் தடிக்க வைத்தார்கள்.

இப்போது கணக்குப் போடுங்கள். அமெரிக்க ஓட்டல்களில் ஒரு ஷிஃப்டுக்கு 12 முதல் 16 அறைகள் சர்வசாதாரணம். 15 அறை என்று வைத்தால் அறைக்கு 32 நிமிடம், அதுவும் சாப்பிடப் போகாமல். பழைய விரிப்பை உருவ வேண்டும். மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி மறுகையால் துணியைச் செருக வேண்டும். இப்படி நான்கு மூலை. 15 அறைக்கு 60 தடவை மெத்தை தூக்கல்! கலிபோர்னியா 2018-ல் அமெரிக்காவிலேயே முதல் மாநிலமாக, ஓட்டல் துப்புரவுப் பணியாளரின் தசை, மூட்டுக் காயங்களைத் தடுக்கத் தனி விதி கொண்டுவந்தது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் ஒரு படி மேலே போய், 2022 சட்டத்தில் உயர்த்தி இறக்கும் கட்டில்களையே ஓட்டல்கள் போட வேண்டும் என்றன. மனிதர் குனிய வேண்டாம், கட்டில் எழுந்து வரும்!

1,60,000 அறைகளில் வைத்த உறையால் ஒரு சண்டை கிளம்பியது, தெரியுமா?

2014 செப்டம்பர். மேரியட் ஓட்டல் குழுமம் அமெரிக்கா, கனடாவில் 1,60,000 அறைகளில் ஒரு உறை வைக்கப்போவதாக அறிவித்தது. அறையைச் சுத்தம் செய்பவரின் பெயர் அதில் இருக்கும், விருந்தினர் டிப்ஸை உள்ளே வைக்கலாம். ஜான் கென்னடியின் தங்கை மகள் மரியா ஷ்ரைவரின் பெண்கள் அமைப்பு கூட்டாளி. கண்ணுக்குத் தெரியாத பெண்களைக் கண்ணுக்குக் காட்டுவோம் என்பது எண்ணம்.

பாராட்டு வந்ததா? வந்தது. கூடவே அதைவிடப் பெரிய அலை ஒன்று வந்தது: "அவ்வளவு அக்கறை இருந்தால் சம்பளத்தை ஏற்றுங்களேன்!" ஒரு வெற்று உறை, ஹான்வேயின் கேள்வியை 254 வருடம் கழித்து ஒவ்வொரு மேசை மீதும் வைத்துவிட்டது.

நான்கே வருடம். 2018 அக்டோபரில் அதே குழுமத்தின் ஓட்டல்களில் 8 நகரங்களில் 7,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அட்டையில் எழுதியது என்ன? டிப்ஸ் கேட்கும் வரி அல்ல. 'ஒரு வேலையே போதுமானதாக இருக்கட்டும்' என்பதுதான் முழக்கம். சான் பிரான்சிஸ்கோவில் 61 நாள் தாக்குப்பிடித்து, ஊதிய உயர்வோடு உள்ளே போனார்கள்.

அறை துடைத்தவர் அமைச்சராக இருந்தவரையே தோற்கடித்தார், தெரியுமா?

பாரிஸ், பத்தினோல் பகுதி, ஈபிஸ் ஓட்டல். 2019 ஜூலையில் சுமார் 20 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சம்பளம் தந்தது ஓட்டல் அல்ல, ஒப்பந்தக் கம்பெனி. "எங்கள் ஆள் இல்லை" என்று ஒருவர் சொல்ல வழி இருக்கும் ஏற்பாடு. நம்ம ஊரில் 'கான்ட்ராக்ட் ஆள்' என்றால் புரியாதா என்ன!

ஓட்டல் வாசலில் மேளம், பாட்டு, ஆட்டம். இடையில் கொரோனா வேறு. 22 மாதம் விடவில்லை! 2021 மே மாதம் ஊதிய உயர்வு, மணிக்குத் துடைக்க வேண்டிய அறைகளின் எண்ணிக்கையில் குறைப்பு, சாப்பாட்டுப் படி என்று வாங்கிவிட்டுத்தான் எழுந்தார்கள். அவர்களில் ஒருவரான, ஐவரி கோஸ்டில் பிறந்த ரஷேல் கேகே 2022 ஜூனில் தேர்தலில் நின்றார். எதிரே முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர், அவர் நீச்சலில் உலக சாம்பியனும்கூட. ஜெயித்தவர் கேகே! நேராக நாடாளுமன்றம்!

ஜப்பானிலும் உறை உண்டு, ஆனால் வேறு உறை, தெரியுமா?

ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் இல்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்! பழைய பாணி விடுதியான 'ரியோகான்'களில் மட்டும் 'கொகொரோசுகே' என்று ஒன்று உண்டு. பணத்தைச் சின்ன உறையில் போட்டு, அறைக்கு அழைத்துப் போகும் பணிப்பெண்ணிடம் வந்தவுடனே கொடுப்பது. வெறும் நோட்டை நீட்டினால் மரியாதைக் குறைவு. கொடுக்காவிட்டாலும் உபசாரத்தில் ஒரு இம்மி குறையாது. மொய்க் கவர் வைக்கும் நமக்கு இது சட்டென்று புரியும்.

பில்லில் ஏறும் 'சர்வீஸ் சார்ஜ்' கட்டாயம் இல்லை, தெரியுமா?

நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது சரியே என்று தீர்ப்பளித்தது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், வரும் டிப்ஸ் முழுவதையும் பிடித்தம் இல்லாமல் ஊழியருக்கே தர வேண்டும் என்பது சட்டம். அமெரிக்கா 2025-ல் டிப்ஸில் 25,000 டாலர் வரை வருமான வரிக் கழிவு தந்தது. பட்டியலில் அறை துடைப்பவர்களும் உண்டு. ஆனால் வரி கட்டும் அளவுக்கே வருமானம் இல்லாதவருக்கு வரிக் கழிவால் என்ன லாபம்? அதே வருடம் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றம் வேறு வழியில் போனது. பெரிய ஓட்டல் ஊழியரின் கூலியை 2028-க்குள் மணிக்கு 30 டாலராக்க ஓட்டுப் போட்டது. ஒன்று டீக் காசுக்குச் சலுகை, இன்னொன்று சோற்றுக் காசுக்கே உயர்வு!

சரி, டிப்ஸ் வைக்கத் தெரியுமா?

அமெரிக்க ஓட்டல் சங்கத்தின் கைகாட்டி, ஒரு இரவுக்கு 1 முதல் 5 டாலர். ஆனால் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் சூட்சுமம். கிளம்பும் நாளில் மொத்தமாக வைக்காதீர்கள்! மூன்று நாள் துடைத்தவருக்கு நான்காம் நாள் வார விடுமுறையாக இருக்கலாம். காசு அன்றைக்கு வந்தவர் கைக்குப் போய்விடும். தினம் தினம் வையுங்கள்.

இன்னொன்று. மேசையில் சும்மா கிடக்கும் நூறு ரூபாயை அவர் தொடமாட்டார். சில்லறையைக்கூட ஓரமாக ஒதுக்கித் துடைத்துவிட்டுப் போவார். திருட்டுப் பழி வந்தால் அன்றே வேலை போகும். அதனால் ஒரு துண்டுத் தாளில் 'இது உங்களுக்கு, நன்றி' என்று எழுதி, நோட்டை அதன்மேல் வையுங்கள். பேனா அறையிலேயே இருக்கும். அந்த ஒரு வரிதான் அவருக்குச் சாட்சி.

வைத்துவிட்டு, பில் கட்டும்போது கவுன்டரில் இன்னொன்றையும் கேளுங்கள்: "ரூம் கிளீன் பண்றவங்க உங்க ஸ்டாஃபா, கான்ட்ராக்டா?" பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். அறை வாடகையில் அவருடைய சோற்றுக் காசும் இருக்கிறது, அதை நாம் கட்டிவிட்டோம். அதை அவர் கையில் சேர்க்க வேண்டியவர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். டீ நம்முடையது, தாராளமாக வாங்கித் தரலாம். சாப்பாடு முதலாளியின் பொறுப்பு!