சிறு வியாபாரியும் கணினிக் கள்வரும்

இங்கிலாந்தின் நோர்தாம்ரன் பகுதியில் ‘ஓல்ட்’ என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரிலே 1865ஆம் ஆண்டில் ஒருவர் குதிரை வண்டியைக் கொண்டு பொருள்களை ஏற்றியிறக்கும் தொழிலைத் தொடங்கினார். தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அத்தொழில், ‘நைட்ஸ் ஒவ் ஓல்ட்’ என்னும் பெயரோடு ஏறத்தாழ 500 லொறிகளை ஓடவிட்ட கம்பனியாயிற்று. இரண்டு உலகப் போர்களையும் தாங்கி நின்ற அக்கம்பனி, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே கணினிக் கள்வரின் கையில் அகப்பட்டது. ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லை ஊகித்தறிந்தே அவர்கள் உட்புகுந்தனர் என நம்பப்படுகின்றது. கணக்கேடுகள் திறக்கவொண்ணாதவாறு பூட்டப்பட்டன. அவற்றைத் திறந்துவிடக் கப்பம் கேட்கப்பட்டது. செப்டெம்பரில் கம்பனி முறிந்தது. ஏறத்தாழ 700 பேர் வேலையிழந்தனர்.

ஐந்நூறு லொறிகள் உடைய கம்பனிக்கே இக்கதியென்றால், மூன்று பேர் இருந்து நடத்தும் கடையின் நிலை யாது? ‘நம்மிடம் திருட என்ன இருக்கின்றது’ என்று அக்கடைக்காரர் எண்ணுவது இயல்பே. ஆனால் இக்கள்வன் பெரும்பாலும் ஆளைப் பார்த்து வருவதில்லை. அவன் ஏவிவிட்ட நிரல் இரவு பகலாகக் கதவுகளைத் தட்டிப் பார்க்கின்றது. எது திறந்துகொள்கின்றதோ அதனுள்ளே நுழைகின்றது. செல்வமன்று, பூட்டாத கதவே அவனை அழைக்கின்றது.

இதனை உணர்ந்த பிரித்தானிய அரசாங்கம் 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ என்னும் திட்டத்தை வகுத்தது. வியாபாரியிடம் அது கேட்பவை ஐந்தே காரியங்கள். இணையத்துக்கும் கணினிக்கும் இடையே ‘தீச்சுவர்’ எனப்படும் தடுப்பு இருத்தல் வேண்டும். கணினியை வாங்கியபொழுது அதில் இருந்த பொதுவான கடவுச்சொல்லையும் வேண்டாத வசதிகளையும் நீக்கிவிடுதல் வேண்டும். எவருக்கு எது தேவையோ அதற்கு மட்டுமே அவருக்கு அனுமதி தரப்படும். காசாளருக்குக் கணினி முழுவதையும் மாற்றியமைக்கும் அதிகாரம் எதற்கு? தீய நிரல்களைத் தடுக்கும் காவல் வேண்டும். ஐந்தாவதாக, மென்பொருளில் காணப்பட்ட கடும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வெளிவந்து 14 நாள்களுக்குள் அவற்றைச் சேர்த்துவிடுதல் வேண்டும்.

இப்பதினான்கு நாள் எத்துணைப் பெறுமதி வாய்ந்தது என்பதை 2017ஆம் ஆண்டு காட்டியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டைக்கு மார்ச் 14ஆந் திகதி திருத்தம் வெளியிட்டது. மே 12ஆந் திகதி, அதே ஓட்டையின் வழியாக ‘வன்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. திருத்தம் வந்து இரண்டு மாதமாகியும் அதனைச் சேர்க்காதிருந்த கணினிகளே பெரிதும் பலியாயின. இங்கிலாந்தில் வைத்தியசாலைகளோடு குடும்ப வைத்தியர் நிலையங்கள் பலவும் பாதிக்கப்பட்டன. மருந்து வெளியே கிடக்க, நோயாளி உள்ளே துன்புற்ற கதைதான்.

இவ்வைந்தையும் நிறைவேற்றியதாக வினாக்கொத்தொன்றுக்கு விடையளிக்கும் நிறுவனம் சான்றிதழ் பெறுகின்றது. தொடக்கத்தில் இதற்கான கட்டணம் 300 பவுண் அளவினதாய் இருந்தது. ஆண்டு விற்பனை இரண்டு கோடி பவுணுக்குக் குறைந்த பிரித்தானிய நிறுவனம், தன் முழு அமைப்புக்கும் சான்றிதழ் பெறுமாயின், 25,000 பவுண் வரையிலான காப்புறுதியும் உடன் கிடைக்கின்றது. அரசாங்க ஒப்பந்தங்கள் சிலவற்றுக்கு இச்சான்றிதழ் இன்றியமையாதது. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும்: கணக்கேடுகளுக்குப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கும் பழக்கம் அவ்வைந்தினுள் அடங்கவில்லை. கப்பம் கேட்பவனுக்கு அதைவிடச் சிறந்த விடை வேறில்லை.

அக்குறையைப் பிறிதோர் அலுவலகம் நிரப்பிற்று. 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் தேசிய சைபர் பாதுகாப்பு நிலையம் வேலை தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் பிளெச்லி பார்க்கில் இருந்து பகைவரின் இரகசியக் குறிகளை உடைத்த அமைப்பின் வழிவந்த நிறுவனத்தின் ஒரு பகுதியே இது. அத்தகைய பரம்பரையினர் இன்று சிகையலங்காரக் கடைக்காரருக்குக் கடவுச்சொல் அமைக்கச் சொல்லிக்கொடுக்கின்றனர்! ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று சொற்களைச் சேர்த்து வையுங்கள் என்பது அவர்களது எளிய யோசனை. அவர்கள் சிறு வியாபாரிகளுக்காக வெளியிட்ட கைந்நூலிலே பிரதி எடுத்து வைத்தலே முதலில் நிற்கின்றது.

போலிக் கடிதத்தின் வழியாக வரும் மோசடியே மிகுதி. வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரின் பெயரில், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த இலக்கத்துக்கே பணம் அனுப்புக’ என்று மின்னஞ்சல் வரும். ஐயத்துக்குரிய இத்தகைய கடிதங்களை அப்படியே அனுப்பிவைக்க 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நிலையம் ஒரு முகவரியை ஏற்படுத்தியது. அங்கு வருவன ஆராயப்பட்டு, அவற்றின் பின்னுள்ள போலித் தளங்கள் அகற்றப்படுகின்றன.

இவ்வளவு இருந்தும் உதவி கடைத்தெருவை எட்டியதா? அரசாங்கத்தின் 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, முந்திய பன்னிரண்டு மாதங்களில் நூற்றுக்கு 50 நிறுவனங்கள் ஏதேனுமொரு தாக்குதலையோ ஊடுருவலையோ கண்டிருந்தன. ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ திட்டத்தைக் கேள்விப்பட்டிருந்தவை நூற்றுக்கு 12 மாத்திரமே. பத்து ஆண்டு நடந்த திட்டத்துக்கு இது பெருமை தரும் கணக்கன்று. கடைக்காரர் அரசாங்க ஏடுகளைத் தேடிப் படிப்பவரல்லர். அவருக்குக் கணக்கெழுதுபவரும் வங்கி முகாமையாளரும் சொன்னாலன்றிச் செய்தி அவர் செவியில் விழாது.

இலங்கையிலும் வியாபாரம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. இங்கே இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழு 2006ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் தண்டிக்கின்றது. கணினியோ கணக்கோ தாக்கப்பட்டதென ஐயுறும் வியாபாரி, 101 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அக்குழுவினருக்கு அறிவிக்கலாம்.