சந்தேகம் ஒன்று, திசை இரண்டு: டவுட்டும் சஸ்பெக்ட்டும்

பல வருடங்களுக்கு முன்னால், வெளிநாட்டில் இருந்த சக பொறியாளர் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். எங்கள் சர்வரில் மெமரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை படுத்துவிடும். லாக் எல்லாம் பார்த்துவிட்டு, கோளாறு கேஷ் மாட்யூலில்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டேன். அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன்: "ஐ டவுட் தட் த லீக் இஸ் இன் த கேஷ்."

மனிதர் கேஷைத் தொடவே இல்லை. மற்ற மாட்யூல்களை எல்லாம் மூன்று நாள் சலித்துத் தேடினார். கடைசியில் கோளாறு கேஷில்தான் இருந்தது. "முதல்லயே ஏன் அங்க பார்க்கலை?" என்ற தொனியில் போனில் கேட்டேன். "அங்கே இருக்காது என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அகராதியைத் திறந்த பிறகுதான் தப்பு என் மேல் என்று புரிந்தது.

இன்றைய பொது ஆங்கிலத்தில் 'டவுட்' என்றால் 'அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்' என்று பொருள். 'சஸ்பெக்ட்' என்றால் 'அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் கையில் ஆதாரம் இல்லை'. இரண்டுமே உறுதியில்லாத நிலைதான். ஆனால் ஒன்று 'இல்லை' பக்கம் சாய்கிறது, மற்றது 'ஆமாம்' பக்கம் சாய்கிறது. நான் எழுத வேண்டியது 'சஸ்பெக்ட்'. எழுதியதோ நேர் எதிர்.

ஆட்களைச் சொல்லும்போதும் இதே வித்தியாசம் உண்டு. ஒரு சாட்சியை 'டவுட்' செய்தால், அவர் சொல்வதை நம்பவில்லை என்று அர்த்தம். அவரையே 'சஸ்பெக்ட்' செய்தால், குற்றத்தைச் செய்ததே அவராக இருக்கலாம் என்று அர்த்தம். சொல் மாறினால் சாட்சி குற்றவாளிக் கூண்டுக்குப் போய்விடுவார்!

சரி, நமக்கு ஏன் இது குழம்புகிறது? தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்ற ஒரே சொல்தான். செய்தித்தாளைப் பாருங்கள். 'சந்தேகத்தின் பேரில்' ஒருவரைக் கைது செய்கிறார்கள். பிறகு 'சந்தேகத்தின் பலனை' அளித்து அவரையே விடுதலை செய்கிறார்கள். பிடித்துக் கொடுப்பதும் அதே சொல், காப்பாற்றுவதும் அதே சொல். முதல் சந்தேகம் சஸ்பெக்ட் வகை. இரண்டாவது டவுட் வகை.

அப்படியானால் தமிழில் இந்த வேறுபாடே கிடையாதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வீட்டில் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டபோது பிடிபட்டது. இந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லிப் பாருங்கள்.

"மழை வருமோன்னு சந்தேகமா இருக்கு."
"மழை வருமான்னு சந்தேகமா இருக்கு."

முதலாவதைச் சொல்பவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இரண்டாவதைச் சொல்பவர் மொட்டைமாடியில் காயும் துணியை அப்படியே விட்டுவிடுவார். ஓகாரம் 'வந்தாலும் வரும்' என்கிறது. ஆகாரம் 'எங்கே வரப்போகிறது' என்கிறது. ஆ, ஏ, ஓ மூன்றையும் தொல்காப்பியமே வினா எழுத்துகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் சந்தேகம் என்ற சொல்லுக்கு முன்னால் வரும்போது ஆவும் ஓவும் வேறு வேறு வேலை செய்கின்றன. ஆங்கிலம் திசையை வினைச்சொல்லில் வைக்கிறது. நாம் அதை ஒரே ஒரு எழுத்தில் வைத்திருக்கிறோம். மொழிபெயர்க்கும்போது வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த எழுத்தைத் தமிழிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நான் செய்தது அதுதான்.

வேர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். டவுட்டின் வேர் லத்தீன் 'துபிதாரே'. 'இரண்டு' என்ற சொல்லோடு உறவுடையது. இரு வழிக்கு நடுவே தயங்கி நிற்பது. சஸ்பெக்ட்டின் வேர் கீழிருந்து பார்ப்பது. நம்பாத ஒருவரை ஓரக்கண்ணால் பார்ப்போமே, கிட்டத்தட்ட அது.

ஒரு ஆறுதலும் உண்டு. பழைய ஆங்கிலேயர்களும் என்னைப் போலவே எழுதியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், தந்தையின் ஆவி தென்பட்டதைக் கேள்விப்பட்டதும் ஏதோ சதி நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறான். அங்கே அவன் பயன்படுத்தும் வினை டவுட்தான். ஸ்காட்லாந்தில் இன்றும் 'மழை வரும் போலிருக்கே' என்ற பொருளில் டவுட் போடுவதுண்டு. ஆனால் பக் ரிப்போர்ட்டில் ஹாம்லெட்டைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய நோக்கத்தை 'சஸ்பெக்ட்' செய்வதாகச் சொன்னால், அதை நம்பவில்லை என்று பொருள். அங்கே டவுட்டுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. குழப்பம் வருவது பெரும்பாலும் பின்னால் 'தட்' போட்டு ஒரு முழு வாக்கியம் வரும் இடத்தில்தான். அங்கே மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

சோதனை எளிது. எழுதுவதற்கு முன் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'இருக்குமோ' என்று வந்தால் சஸ்பெக்ட். 'இருக்குமா' என்று வந்தால் டவுட். 'சார், ஒரு டவுட்' என்று வகுப்பில் கை தூக்குவோமே, அது இரண்டுமே இல்லை. அது வெறும் கேள்வி. அதை 'கொஸ்டின்' என்றே எழுதிவிடலாம்.

இப்போது என் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டில் டவுட் என்று பார்த்தால், உடனே போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "தம்பி, இருக்குமான்னா, இருக்குமோன்னா?" இதுவரை யாரும் பதில் சொல்ல யோசித்ததில்லை.