பொம்மை விமானத்துக்கு எந்த அலைவரிசை? தூரம் மட்டும் பார்த்தால் போதாது!

செஞ்சி வட்டாரத்தில் உள்ள தளவானூர், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் குகைக் கோயிலுக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் அறுவடை முடிந்த வயல், திறந்த வானம். லீவுக்கு ஊருக்கு வரும் இளைஞர்கள் ரிமோட் விமானம் பறக்கவிட இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

விமானம் வாங்கும்போது பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எது ரொம்ப தூரம் போகும்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: "எதுல சிக்னல் கட் ஆகாது? நம்ம நாட்டுல எதுக்கு லைசென்ஸ் வேண்டாம்?"

27 மெகாஹெர்ட்ஸ்: பழைய பொம்மைகளின் அலை

26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட் சக்திக்குள் பயன்படுத்த இந்தியாவில் உரிமம் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், இதில் சேனல்கள் மிகக் குறைவு. பக்கத்தில் ஒருவர் அதே சேனலில் ரிமோட்டை ஆன் செய்தால் உங்கள் விமானமும் ஆடும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஆன்டெனாவில் கலர் ரிப்பன் கட்டினார்கள். மஞ்சள் என்றால் 27.145. பொம்மை கார் என்றால் சுவரில் முட்டி நிற்கும். விமானம் தலையில் விழும்.

2.4 கிகாஹெர்ட்ஸ்: பெரும்பாலானோருக்கு இதுவே போதும்

2005 முதல் 2400 – 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கும் குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் உரிமம் வேண்டாம். வைஃபை, புளூடூத் எல்லாம் இங்கேதான் ஓடுகின்றன. அப்படியானால் நெரிசல் இல்லையா? இருக்கிறது. ஆனால், நல்ல ரிமோட்கள் ஒரே சேனலில் நிற்காமல் நொடிக்குப் பல முறை தாவிக்கொண்டே இருக்கும். 'பைண்டு' செய்துவிட்டால் ரிசீவர் தன் ரிமோட்டின் பேச்சை மட்டுமே கேட்கும்.

இதன் பலவீனம், அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளுக்குப் பின்னால் விமானம் போனால் சிக்னல் போச்சு. கண்ணில் படும் தூரத்திலேயே ஓட்டுங்கள்.

915 'லாங் ரேஞ்ச்': வாங்கும் முன் யோசியுங்கள்

அமெரிக்காவில் 902 – 928 மெகாஹெர்ட்ஸுக்கு உரிமம் தேவையில்லை; ஆன்லைனில் கிடைக்கும் பல மாட்யூல்கள் அதற்காகச் செய்யப்பட்டவை. இந்தியாவில் 890 – 915 என்பது மொபைல் போன்கள் டவரோடு பேசும் அலை. அங்கே உரிமமின்றி நுழைவது பிறரின் அழைப்பைக் கெடுக்கலாம், சட்டப்படியும் தவறு. '868' என்று விற்கப்படும் ஐரோப்பிய மாட்யூல்களும் 865-க்குக் கீழே, 868-க்கு மேலே தாவக்கூடும். இங்கே அனுமதி 865 – 868-க்குத்தான். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பயன்படுத்துபவர்கள் செட்டிங்கில் இந்தியாவுக்கான 866-ஐத் தேர்வு செய்ய வேண்டும்.

பறக்கவிடும் முன்…

* முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், பிறகு விமானத்தை. அணைக்கும்போது தலைகீழ் வரிசை.
* 'ரேஞ்ச் செக்' வசதி இருந்தால், கையேட்டில் சொன்ன தூரம் நடந்து சோதியுங்கள்.
* புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் 'ஃபெயில்சேஃப்' சரியில்லை, பறக்கவிடாதீர்கள்.
* ட்ரோன் விதிகள் 2021 ரிமோட் விமானங்களுக்கும் பொருந்தும். 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். அங்கும் பொதுவான உச்சவரம்பு 400 அடி.
* 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டை, குகைக் கோயில் பக்கம் அனுமதியின்றிப் பறக்கவிட வேண்டாம்.

முதல் விமானம் வாங்குபவருக்கு 2.4 போதும். விமானம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட, பத்திரமாகத் திரும்பி வருகிறதா என்பதுதான் முக்கியம்.